ஹெரால்டு காரின் டோர் பேட்: ஆணியிலிருந்து கிளிப்புக்கு

பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இன்ஜினைப் பற்றி எழுதுவார்கள். இல்லாவிட்டால் அந்தக் காரில் எந்த நடிகர் போனார், எந்த மந்திரி போனார் என்று எழுதுவார்கள். இந்தக் குறிப்பு அதைவிடச் சின்ன சமாச்சாரம் ஒன்றைப் பற்றியது. கார் கதவின் உட்பக்கத்தில், நம் முழங்கை உரசுகிற இடத்தில் இருக்கிற ரெக்சின் ஒட்டிய பலகை. மெக்கானிக்குகள் இதை ‘டோர் பேட்’ என்பார்கள். அதைச் சேதம் இல்லாமல் கழற்றுவது எப்படி என்பதுதான் விஷயம்.

இதில் என்ன சரித்திரம் இருக்கிறது என்று கேட்கலாம். பழைய வண்டிகளின் டோர் பேடுகளை நான் சில வருஷமாகப் பார்த்து வருகிறேன். ஓரம் பிய்யாத, மூலை மடங்காத பேட் கிடைப்பது அபூர்வம். உட்கார்ந்து போனவர்களால் வந்த சேதம் இல்லை இது. கண்ணாடி இறங்கவில்லை, பூட்டு வேலை செய்யவில்லை என்று யாரோ ஒருவர் திருப்புளியை விட்டு நெம்பியபோது வந்த சேதம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பலகை எப்படிப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அதைச் செய்தவர்களின் எண்ணமே. ஏன் அப்படி மறைத்தார்கள் என்பதற்குத்தான் சரித்திரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அது தெரிந்துவிட்டால் கழற்றும் முறை பாதி புரிந்துவிடும்.

ஆணி அடித்த காலம்

ஆரம்பகாலக் கார்கள் எல்லாம் குதிரை வண்டியின் வாரிசுகள். சேஸ்ஸை ஒரு கம்பெனி செய்யும். மேலே உட்காரும் கூண்டை வண்டிகட்டும் பட்டறை செய்யும். இங்கிலாந்தில் இந்தக் கூண்டுக்கு ஆஷ் மரத்தில் சட்டம் போட்டு, அதன்மேல் இரும்பு அல்லது அலுமினியத் தகட்டை அடிப்பார்கள். கதவும் அப்படித்தான்: மரச்சட்டம், வெளியே தகடு, உள்ளே தோல் அல்லது துணி.

உள்பக்கத் துணியைப் பிடித்து வைக்க ஆணி போதும். மரம் இருக்கிறதே! சின்னச் சின்ன ஆணிகளை வரிசையாக அடித்து, ஆணித்தலை தெரியாமல் மேலே ஒரு நாடா ஓட்டிவிடுவார்கள். கழற்ற வேண்டுமென்றால் நாடாவை உரித்து, ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேலை முடிந்ததும் பக்கத்தில் வேறு இடம் பார்த்து அடிக்க வேண்டும். மெதுவான வேலை. ஆனால் அதைச் செய்தவர் அதே தொழில் தெரிந்த ஆள். கட்டியவரின் கையும் பிரித்தவரின் கையும் ஒரே மாதிரிப் பழகிய கை. அதனால் சேதம் குறைவு.

கண்ணாடியும் அப்போது சுலபம். ரயில் பெட்டியில் இருந்தது போலத் தோல்வாரைப் பிடித்து இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். கதவுக்குள்ளே பழுதாவதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. எனவே அடிக்கடி திறக்கவும் தேவையில்லை.

தகட்டில் ஆணி இறங்குமா?

இந்த ஏற்பாட்டைக் கலைத்தவர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த எட்வர்ட் பட். மரமே இல்லாமல், அச்சில் அழுத்திய இரும்புத் தகடுகளை வெல்டிங் செய்து முழுக் கூண்டையும் உருவாக்கலாம் என்று காட்டினார். 1914-இல் டாட்ஜ் சகோதரர்கள் தங்கள் புதுக் காருக்கு அவரிடம் இரும்புக் கூண்டுகளை வாங்க ஆரம்பித்தார்கள். 1926-இல் பட் கம்பெனியும் வில்லியம் மாரிஸும் சேர்ந்து இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்துக் கௌலியில் பிரஸ்ட் ஸ்டீல் கம்பெனியைத் தொடங்கினார்கள். நம் ஊர் அம்பாசடரின் தாய்வழி அந்த மாரிஸ் குடும்பம்தான்.

இரும்புக் கதவு என்றால் இரண்டு தகடுகள். வெளியே வழவழப்பான தகடு. உள்ளே ஓட்டைகள் போட்ட தகடு. நடுவே வெற்றிடம். கண்ணாடி, அதை ஏற்றி இறக்குகிற மிஷின், பூட்டு, பூட்டை இழுக்கும் கம்பி எல்லாம் இந்த வெற்றிடத்தில் குடிபுகுந்தன. கதவு ஒரு யந்திரப் பெட்டியாக மாறிவிட்டது. இனி அடிக்கடி திறக்க வேண்டும். ஆனால் தகட்டில் ஆணி இறங்காது.

இடைக்கால உபாயம் ஒன்று செய்தார்கள். அழுத்திய காகித நாரில் செய்த பட்டைகளைத் தகட்டில் பொருத்தி, அந்தப் பட்டையில் பழையபடி ஆணி அடித்தார்கள். மரம் போய்விட்டது, ஆனால் மரத்துக்குப் பழகிய கை போகவில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வண்டிகளை வெளியே தள்ளுகிற தொழிற்சாலையில் ஆணி அடித்துக்கொண்டிருக்க முடியுமா? அழுத்தினால் பிடித்துக்கொள்கிற, இழுத்தால் விட்டுவிடுகிற ஒன்று வேண்டியிருந்தது.

அடுப்பும் டிச் பட்டனும்

அந்த ஒன்று இரண்டு திசைகளிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஆரம்பத்தில் கார் கதவோடு சம்பந்தம் கிடையாது.

முதலாவது அடுப்பு. அமெரிக்காவின் க்ளீவ்லண்டில் டின்னர்மன் என்ற குடும்பம் சமையல் அடுப்புகள் செய்துவந்தது. அந்தக் காலத்து அடுப்புத் தகட்டின்மேல் எனாமல் பூச்சு இருக்கும். நட்டை இறுக்கி முடுக்கினால் எனாமல் விரிசல் விடும். தளர்வாக விட்டால் அடுப்பு ஆடும். இதற்காக 1920களில் அவர்கள் ஸ்பிரிங் எஃகில் ஒரு வளைந்த தகட்டை நட்டாகச் செய்தார்கள். இறுக்கும்போது அந்தத் தகடு கொஞ்சம் வளைந்துகொடுக்கும், எனாமல் உடையாது. இந்த ஸ்பிரிங் நட்டைக் கார் தொழிற்சாலைகள் பிறகு வண்டி வண்டியாக வாங்கின. ‘பிடிக்கவும் வேண்டும், உடைக்கவும் கூடாது’ என்ற எண்ணம் அடுப்படியில் பிறந்தது என்பது எனக்குப் பிடித்த விவரம்.

இரண்டாவது நம் சட்டையிலும் பாவாடையிலும் இருக்கிற டிச் பட்டன். மேற்கூரை இல்லாத பழைய கார்களில் மழைக்கு மாட்டுகிற திரைகளை டிச் பட்டனால்தான் மாட்டினார்கள். அந்த வகைப் பட்டன் செய்த கம்பெனிகளே பிறகு கதவுப் பலகைக்கான கிளிப்புகளையும் செய்தன. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கத்து ஸ்டேபிள்ஃபோர்டில் ‘கார் ஃபாஸ்ட்னர் கம்பெனி’ என்றே ஒன்று இருந்தது. அந்தக் ‘கார்’ வாகனம் இல்லை, மனிதரின் பெயர். தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.

டிச் பட்டனைக் கழற்றும்போது என்ன செய்கிறோம்? துணியைப் பிடித்து இழுத்தால் துணி கிழியும், பட்டன் அப்படியே இருக்கும். பட்டனுக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் ‘டிச்’ என்று விடும். டோர் பேடைக் கழற்றுவதன் முழு வித்தையும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. பலகையை இழுக்கக் கூடாது, கிளிப்பை நெம்ப வேண்டும்.

பலகையும் ரெக்சினும்

கிளிப் தயார். அது பிடித்துக்கொள்ள மெல்லிய, மலிவான, வளையக்கூடிய பலகை வேண்டும். 1924-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து லாரல் ஊரில் வில்லியம் மேசன் என்பவர், மரத்துண்டுகளை உயர் அழுத்த நீராவியில் வெடிக்க வைத்து நாராக்கி, அந்த நாரைச் சூட்டில் அழுத்திப் பலகையாக்கினார். மரத்திலேயே இருக்கிற லிக்னின்தான் அதற்குப் பசை. மேசனைட் என்ற பெயரில் விற்ற அதுவும் அதைப் போன்றவையும்தான் நாம் சொல்கிற ஹார்டுபோர்டு.

ஹார்டுபோர்டுக்கு ஒரு பலவீனம். தண்ணீர் பட்டால் ஊதும். ஊதிக் காய்ந்தால் முன்னிருந்த வலு திரும்ப வராது, விளிம்பு ஏடு ஏடாகப் பிரியும். கிளிப் மாட்டுகிற துளைகள் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளித்தான் இருக்கும். ஆக, பலகையில் எங்கே பலவீனமோ அங்கேதான் முழுப் பளுவும் விழுகிறது.

மேலே ஒட்டுகிற துணிக்கு நாம் இன்றைக்கும் சொல்கிற ‘ரெக்சின்’ என்ற பெயர், மான்செஸ்டர் பக்கத்து ஹைடு ஊரில் செய்த ஒரு சரக்கின் வியாபாரப் பெயர். துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிய போலித் தோல் அது. பிறகு பிவிசி வந்து அந்த இடத்தைப் பிடித்தது. பெயர் மட்டும் மாறவில்லை. நம் ஊர் குஷன் கடைகளில் தொங்குவது எல்லாம் பிவிசி, ஆனால் கேட்டால் ரெக்சின் என்பார்கள். ரப்பர் போல வளைவதற்காக பிவிசியில் சேர்க்கிற எண்ணெய் போன்ற பொருள் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். முப்பது நாற்பது வருஷம் ஆன ரெக்சின் அப்பளம் போல ஆவது அதனால்தான். மடக்கினால் முறியும்.

மெட்ராஸில் பிறந்த ஹெரால்டு

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1948-இல் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம். 1953-இல் இந்திய அரசு, இங்கேயே பாகங்களைச் செய்கிற திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இடம், வெளியிலிருந்து கொண்டுவந்து பூட்டி மட்டும் விற்கிறவர்களுக்கு இல்லை என்று முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. ஸ்டாண்டர்ட் தங்கியது.

அதே 1953-இல் இங்கிலாந்தில் வேறொன்று நடந்தது. ஸ்டாண்டர்டுக்குக் கூண்டு செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு முழுக் கூண்டு செய்துதர ஆள் இல்லை. ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் என்ன செய்தது? கூண்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் செய்து, தனிச் சேஸ்ஸின்மேல் போல்ட் போட்டுச் சேர்க்கிற மாதிரி ஒரு காரை உருவாக்கியது. மற்றவர்கள் சேஸ்ஸை விட்டுவிட்டு ஒற்றைக் கூண்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இது பழைய வழிக்குத் திரும்பிய கார். வடிவம் இத்தாலியர் ஜியோவன்னி மிக்கெலோட்டியுடையது. 1959-இல் வெளிவந்த அதுதான் ட்ரையம்ஃப் ஹெரால்டு.

பிரித்துப் பூட்டுகிற கார் என்பதால் அது வேறு நாடுகளில் செய்வதற்கும் தோதாக இருந்தது. 1961-இல் மெட்ராஸில் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ என்ற பெயரில், 948 சிசி இன்ஜினோடு வந்தது. 1965 வாக்கில் பாகங்கள் எல்லாம் உள்நாட்டிலேயே ஆகின என்று சொல்வார்கள். 1968-க்குப் பிறகு மார்க் 3 என்ற நாலு கதவு மாடல் வந்தது.

இந்த நாலு கதவுதான் என் கவலைக்குக் காரணம். இங்கிலாந்து ஹெரால்டுகள் எல்லாம் இரண்டு கதவு வண்டிகள். நாலு கதவு ஹெரால்டை மெட்ராஸ் மட்டும்தான் செய்தது. பிரிட்டனில் பழைய ட்ரையம்ஃப் வண்டிகளுக்கு ஆர்வலர் கூட்டம் உண்டு, புதிதாக அச்சடித்த பாகங்களும் கிடைக்கின்றன. முன்கதவுக்கு ஏதாவது வழி கிடைத்தாலும் கிடைக்கலாம். மார்க் 3-இன் பின்கதவுப் பலகைக்கு அங்கே தேடிப் பயன் இல்லை. 1970களில் கெசல் வந்து ஹெரால்டை மாற்றிவிட்டது. 1980களில் ஸ்டாண்டர்ட் 2000 என்ற கடைசி முயற்சி தோற்று, தொழிற்சாலையே மூடிவிட்டது. ஆக, இன்று ஒரு வண்டியில் ஒழுங்காக ஒட்டியிருக்கிற பின்கதவுப் பலகைதான் அந்தப் பலகைக்கு இருக்கிற வரைபடம், அச்சு எல்லாம். அதை ஒருவர் அவசரத்தில் நெம்பிப் பிய்த்துவிட்டால் குஷன் கடையில் புதுசு செய்துவிடலாம், உண்மைதான். ஆனால் எதைப் பார்த்துச் செய்வது?

கழற்றும் முறை

இனி நேரடியாக வேலை. ஹெரால்டை வைத்துச் சொல்கிறேன், அந்தக் காலத்து மற்ற வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் நாள் பார்க்க வேண்டும். நல்ல நேரம் பார்க்கச் சொல்லவில்லை, வெயில் பார்க்கச் சொல்கிறேன். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய ஹார்டுபோர்டு ஊறிய அட்டை மாதிரி இருக்கும், தொட்டால் பிரியும். இரண்டு நாள் வெயிலில் வண்டியை நிறுத்திக் காயவிட்டு ஆரம்பியுங்கள். பழைய ரெக்சினும் இளஞ்சூட்டில் கொஞ்சம் இளகும். விடியற்காலைக் குளிர்ச்சியைவிட காலை பத்து மணி நல்லது.

கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றிவிடுங்கள். கைப்பிடிகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மாட்டும்போது கைப்பிடி முழங்காலில் இடிக்கிற மாதிரி நின்றால் அப்போது தெரியும் இந்தப் படத்தின் அருமை.

அடுத்தது கைப்பிடி. ஹெரால்டு கைப்பிடியில் ஸ்க்ரூ எதுவும் வெளியே தெரியாது. நிறையப் பேர் இங்கேதான் திணறிப்போய்க் கைப்பிடியைச் சுத்தியலால் தட்டுவார்கள். கைப்பிடிக்கு அடியில் வட்டமாக ஒரு தட்டு இருக்கும். பின்னால் இருக்கிற ஸ்பிரிங் அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். தட்டைக் கதவை நோக்கி அமுக்குங்கள். கைப்பிடியின் கழுத்தில் குறுக்கே போகிற ஒரு சின்ன பின்னின் முனை தெரியும். தட்டை அமுக்கிப் பிடித்தபடியே மெல்லிய ஆணி ஒன்றால் அந்தப் பின்னைத் தள்ளினால் மறுபக்கம் வந்துவிடும், கைப்பிடி கையோடு வரும். ஒருவர் அமுக்க, இன்னொருவர் தள்ளினால் சுலபம். கீழே ஒரு துண்டை விரித்துவிடுங்கள். அந்தப் பின் தரையில் விழுந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

எல்லா வண்டியிலும் பின் இருக்காது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளிலும் பிறகு ஜப்பானிய வண்டிகளிலும் குதிரை லாட வடிவத்தில் ஒரு கம்பி கிளிப் இருக்கும். மாருதி 800 வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பழைய துணி போதும். கைப்பிடிக்கும் தட்டுக்கும் நடுவே துணியைக் கொடுத்து, ஷூ பாலிஷ் போடுகிற மாதிரி இரண்டு முனையையும் மாறி மாறி இழுத்தால் துணியின் நூல் கிளிப்பில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். பறந்துவிடும் என்பதால் கண்ணுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

கை வைக்கிற பிடி இருந்தால் அதன் அடியில் ஸ்க்ரூ தேடுங்கள். ஸ்க்ரூ தலையையும் கவனியுங்கள். ஸ்டார் தலை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் ஒரே ஒரு வகை மட்டும் இல்லை. 1930களில் அமெரிக்காவில் வந்த ஃபிலிப்ஸ் ஒன்று. 1960களின் பிரிட்டிஷ் வண்டிகளில் புழங்கிய போசிட்ரைவ் இன்னொன்று. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் இதற்கான திருப்புளி அதற்குச் சரியாக உட்காராது. வழுக்கினால் தலை மழுங்கிவிடும். பிறகு டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இப்போது பலகை. கனமான திருப்புளியை எடுத்து வைத்துவிடுங்கள். அகலமான, தட்டையான ஒன்று வேண்டும். பட்டி போடுகிற பிளேடு நல்லது, முனையை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் மரத் தோசைத் திருப்பி இருந்தால் அதுவும் ஆகும், கேட்டுவிட்டு எடுப்பது உத்தமம். கீழ் மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். கிழிந்தாலும் கண்ணில் படாத இடம் அது. பிளேடைப் பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே செருகி, ஓரத்தோடு மெதுவாக நகர்த்துங்கள். ஓர் இடத்தில் தட்டும். அதுதான் கிளிப். பிளேடை கிளிப்புக்கு ஒட்டி, முடிந்தால் அதன் இரண்டு பக்கமும், கொடுத்து நெம்புங்கள். கிளிப்புக்கும் பிளேடுக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி இருந்தால் பளு முழுவதும் பலகைக்குப் போகும். ஒட்டி நின்றால் கிளிப்புக்குப் போகும். பெயின்ட் கீறாமல் இருக்க, பிளேடு தகட்டில் ஊன்றுகிற இடத்தில் ஒரு அட்டைத் துண்டைக் கொடுக்கலாம்.

ஒரு கிளிப் விட்டவுடன் அந்த மூலையைப் பிடித்து இழுக்கக் கை துறுதுறுக்கும். இழுக்காதீர்கள். அடுத்ததற்குப் போங்கள். சுற்றி வந்து எல்லாம் விட்டபிறகு இரண்டு கையாலும் பிடித்து எடுங்கள். சில வண்டிகளில் பலகையின் மேல்விளிம்பு கண்ணாடி ஓரத்தில் கொக்கி மாதிரி மாட்டியிருக்கும். அதை நேரே இழுத்தால் வராது, மேலே தூக்க வேண்டும். எங்கேயாவது அசையவில்லை என்றால் இன்னும் ஒரு கிளிப்போ ஸ்க்ரூவோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். பலத்தைக் கூட்டாமல் தேடுங்கள்.

உள்ளே இருப்பது

பலகை வந்ததும் ஒரு காகிதமோ பாலித்தீன் தாளோ தெரியும். இதை வேண்டாத சமாச்சாரம் என்று கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. சேதங்களில் பெரிய சேதம் அதுதான், ஆனால் தெரிய இரண்டு மழைக்காலம் ஆகும்.

கார் கதவுக்குள் தண்ணீர் போகாது என்று நாம் நினைக்கிறோம். போகும். கண்ணாடி ஏறி இறங்குகிற இடுக்கை முழுதாக அடைக்க முடியாது. அதனால் தண்ணீர் உள்ளே வந்து, அடியில் இருக்கிற ஓட்டைகள் வழியாக வெளியேறட்டும் என்றுதான் கதவையே அமைத்தார்கள். அந்தத் தாள் அந்த ஈரத்துக்கும் ஹார்டுபோர்டுக்கும் நடுவே இருக்கிற சுவர். தாள் போனால் பலகை ஊறும், விளிம்பு பிரியும், கிளிப் பிடிக்காது. அடுத்த முறை யாராவது தொட்டதும் பிய்ந்துவிடும். ஆகவே தாளை ஓரத்துப் பசையோடு சேர்த்து மெதுவாக அறுத்து எடுங்கள். கிழிந்திருந்தால் கனமான பாலித்தீனை அதே அளவில் வெட்டி ஒட்டுங்கள். அடி ஓட்டைகளில் மண்ணும் இலையும் அடைத்திருந்தால் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கதவு அடியிலிருந்து துருப்பிடிப்பதற்கு இந்த அடைப்பு முக்கியக் காரணம்.

ஆராய்ச்சிக்காரனுக்கு வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. வெளியே மூன்று முறை பெயின்ட் அடித்த வண்டியாக இருந்தாலும், பலகைக்குப் பின்னால் இருக்கிற தகட்டை யாரும் பெரும்பாலும் தொட்டிருக்க மாட்டார்கள். தொழிற்சாலையில் அடித்த முதல் நிறம் அங்கே இருக்கும். பலகையின் பின்பக்கத்தில் சாக்பீஸ் எண்களோ, இடது வலது குறித்த எழுத்தோ இருக்கலாம். பலகையை மாட்டுவதற்கு முன் பின்பக்கத்தைப் படம் எடுங்கள். பழுப்புத் தாள் ஒன்றை விரித்து, பலகையை மேலே வைத்து, விளிம்பையும் ஒவ்வொரு துளையையும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. மார்க் 3-இன் பின்கதவு என்றால் அந்தத் தாள் ஓர் ஆவணம்.

மாட்டுவது எளிது. துரு ஏறிய, வாய் தளர்ந்த கிளிப்புகளை மாற்றிவிடுங்கள், புதுப்பேட்டையில் அளவு காட்டினால் ஒத்துவருவது அகப்படலாம். துளை பிய்ந்திருந்தால் பின்னால் மெல்லிய துண்டு ஒன்றைப் பசைபோட்டு ஒட்டி, காய்ந்தபின் புதுத் துளை இடலாம். ஒவ்வொரு கிளிப்பும் தன் ஓட்டைக்கு நேரே நிற்கிறதா என்று பார்த்து, உள்ளங்கையால் தட்டினால் போதும். ஸ்பிரிங், தட்டு, கைப்பிடி, பின் என்று கழற்றியதற்குத் தலைகீழ் வரிசை.

யாருக்காகச் செய்தார்கள்?

ஹெரால்டுக்குப் பிறகான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1973-இல் அமெரிக்கா பக்கவாட்டு மோதலுக்குக் கதவின் பலத்தை விதியாக்கியதும் கதவுக்குள் இரும்புச் சட்டம் வந்தது. ஹார்டுபோர்டு போய் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வந்தது. எஃகு கிளிப் போய் பிளாஸ்டிக் கிளிப் வந்தது. 1990களில் சில வண்டிகளின் கதவுக்குள் ஏர்பேகும் ஏறியது. அப்படிப்பட்ட வண்டியில் முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியின் புத்தகம் சொல்கிற நேரம் காத்திருந்துதான் கதவைத் தொட வேண்டும்.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஆணி அடித்தவர், தன்னைப் போன்ற இன்னொரு தொழிலாளி ஒருநாள் வந்து பிடுங்குவார் என்று எதிர்பார்த்தார். எஃகு கிளிப்பும் பின்னும் வைத்தவர், பட்டறை மெக்கானிக் பத்து முறை கழற்றி மாட்டுவார் என்று எதிர்பார்த்தார். அந்த கிளிப் இன்றும் வேலை செய்வது அதனால்தான். பிளாஸ்டிக் கிளிப் வைத்தவருக்குத் தொழிற்சாலையில் எத்தனை விநாடியில் மாட்டலாம் என்பது பெரிய கணக்கு. கழற்றினால் அதில் சிலது உடையும், புதுசு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு பழைய வண்டியின் கதவு முன்னால் உட்கார்ந்தால், இதை மாட்டியவர் நம்மை எப்படிப்பட்ட ஆள் என்று நினைத்து மாட்டினார் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். பெருங்களத்தூரில் அந்தப் பலகையை உள்ளங்கையால் தட்டி மாட்டிய தொழிலாளிக்கு நம் பெயர் தெரியாது. ஆனால் தட்டை அமுக்கிப் பின்னைத் தள்ளத் தெரிந்த ஒருத்தர் பின்னால் வருவார் என்று நம்பித்தான் மாட்டியிருக்கிறார். நாலு கதவு ஹெரால்டு வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கதவு நன்றாக இருக்கும்போதே அந்தப் பழுப்புத் தாள் வேலையை முடித்துவிடுங்கள்.